நூற்றுக்கு எத்தனை பேர் வக்கீலானார்கள்?

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வக்கீல் உரிமத்துக்காக ஜூலையில் நடந்த பார் தேர்வின் முடிவு வெளியானது. மாநிலத்தின் சட்டக் கல்லூரிகளில் முதலிடம் பிடித்தது 1909-இல் தொடங்கிய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அல்ல. செல்வாக்கும் பழைய மாணவர் பலமும் கொண்ட மயாமி பல்கலைக்கழகமும் அல்ல. 2002-இல்தான் சட்டக் கல்லூரியைத் திறந்த ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம் அது. சுருக்கமாக எஃப்.ஐ.யூ. முதல்முறை தேர்வெழுதிய அதன் பட்டதாரிகளில் 95.7 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மாநில அளவில் அந்த விகிதம் 74 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அதற்கு முந்தைய சில ஜூலைத் தேர்வுகளிலும் இதே கல்லூரிதான் முதலிடம்.

அதே மாநிலத்தின் வடக்கே ஜாக்சன்வில் நகரில் இன்னொரு சட்டக் கல்லூரி இருந்தது. 1996-இல் தொடங்கிய ஃபுளோரிடா கோஸ்டல். இன்ஃபிலா என்ற லாப நோக்கு நிறுவனத்தின் கையில் இருந்த மூன்று கல்லூரிகளில் ஒன்று. 2016 ஜூலைத் தேர்வில் அதன் பட்டதாரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறினார்கள். 2021-இல் அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுக் கல்விக் கடன் கிடையாது என்று அமெரிக்கக் கல்வித்துறை மறுத்துவிட, கல்லூரி மூடப்பட்டது.

ஒரே மாநிலம், ஒரே தேர்வு. இரண்டுமே யேல், ஹார்வர்டு போல நாட்டின் முதல் வரிசை மாணவர்களை அள்ளிக்கொள்ளும் கல்லூரிகள் அல்ல. ஆனால் ஒன்றில் சேர்ந்தவர் வக்கீலாவது ஏறக்குறைய உறுதி. மற்றதில் சேர்ந்தவருக்கு அது பூவா தலையா. சட்டம் படிக்க விரும்பும் ஒருவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ஆலோசகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் பார்த்தால், அது பார்ப்பவரையே ஏமாற்றிவிடும்.

பட்டம் வேறு, உரிமம் வேறு

நம் ஊரைப் போலப் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் வழி அமெரிக்காவில் இல்லை. முதலில் ஏதாவது ஒரு துறையில் நான்காண்டு இளங்கலை. பிறகு எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு. அதன்பின் ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் பட்டம். இத்தனையும் முடித்தவர் சட்டப் பட்டதாரிதான், வழக்கறிஞர் அல்ல. நீதிமன்றத்தில் நின்று வாதாடவோ, கட்டணம் வாங்கிக்கொண்டு சட்ட ஆலோசனை சொல்லவோ அவர் தொழில் செய்யப்போகும் மாநிலத்தின் உரிமம் வேண்டும். அதற்கு நன்னடத்தை விசாரணை, தொழில் நெறிமுறைத் தேர்வு எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய தடை பார் தேர்வு.

இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும்: பிப்ரவரி கடைசியில் ஒன்று, ஜூலை கடைசியில் ஒன்று. மே மாதம் பட்டம் பெறுகிறவர்கள் ஜூலையில் எழுதுகிறார்கள். பல மாநிலங்கள் 2011 முதல் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்ட யு.பி.இ. என்ற பொது வடிவத்தில், ஒரு நாள் முழுக்க 200 கொள்குறி வினாக்கள். இன்னொரு நாள் ஆறு கட்டுரை வினாக்களும், வழக்கறிஞர் அலுவலகத்தில் செய்யும் வேலையைப் போலவே அமைந்த இரண்டு செயல்முறைப் பணிகளும். ஒப்பந்தம், சொத்து, குற்றவியல், சாட்சியம், அரசியல் சாசனம் என்று மூன்றாண்டில் படித்ததெல்லாம் இரண்டு நாளில் கேட்கப்படும். இந்தியாவில் பெரும்பாலோர் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட பிறகு எழுதும் அகில இந்திய பார் தேர்வோடு இதை ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் தேறாதவருக்கு உரிமமே இல்லை.

செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். பல தனியார் சட்டக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது. படிப்பு முடியும்போது தலைமேல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் இருப்பது சாதாரணம். அரசுக் கடனுக்குப் பட்டம் பெற்ற பின் ஆறு மாத அவகாசம் உண்டு. மே மாதம் பட்டம் என்றால் நவம்பரில் தவணை தொடங்கிவிடும். நியூயார்க்கில் ஜூலைத் தேர்வின் முடிவு வருவது அக்டோபர் வாக்கில், கலிஃபோர்னியாவில் நவம்பரில். தோற்றவர் கையில் முதல் தவணைக்கான நோட்டீஸும் தோல்விச் செய்தியும் ஒன்றாக வந்து சேரும். தேறுவார் என்று நம்பி வேலை கொடுத்த நிறுவனம் அந்த வேலையைத் திரும்பப் பெறலாம். அடுத்த வாய்ப்பு பிப்ரவரியில். அதன் முடிவு வருவதற்குள் பட்டம் வாங்கி ஓராண்டு ஆகியிருக்கும்.

2025-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் சட்ட மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டது. மீதியைத் தனியார் கடனில் தேட வேண்டும். இவ்வளவையும் பணயம் வைத்து ஒரு கல்லூரிக்குள் நுழைகிறவர், இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் வக்கீலானார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

எண்கள் வெளிச்சத்துக்கு வந்த கதை

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பதே ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. 2011-12 வாக்கில் பல சட்டக் கல்லூரிகள் மீது அவற்றின் பழைய மாணவர்களே வழக்குத் தொடுத்தார்கள். பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்பதாகக் கல்லூரி சொன்னதை நம்பிக் கடன் வாங்கினோம். அந்தக் கணக்கில் ஓட்டல் வேலையும் பகுதிநேர வேலையும்கூடச் சேர்ந்திருந்தன என்பது அவர்கள் முறையீடு. அவற்றில் பெரும்பாலான வழக்குகள் நிற்கவில்லை. சான் டியாகோவின் தாமஸ் ஜெஃபர்சன் கல்லூரி மீதான வழக்கு 2016-இல் நடுவர் குழு வரை சென்றது. தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அந்தச் சர்ச்சை எழுப்பிய அழுத்தம் வீண்போகவில்லை.

சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு அமெரிக்க பார் அசோசியேஷன். ஏ.பி.ஏ. என்பார்கள். அது தன் 509-ஆம் விதியை இறுக்கியது. இன்று அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கை மதிப்பெண், கட்டணம், உதவித்தொகை, இடையில் விலகியோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே வடிவத்தில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பார் தேர்வு முடிவுகளும் வேலைவாய்ப்பு விவரமும் அதே போலத் தனி அறிக்கைகளாக வருகின்றன. வீட்டிலிருந்தபடியே எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பார் தேர்வு அறிக்கையில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, முதல்முறை எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பது. மற்றது, பட்டம் பெற்ற இரண்டாண்டுக்குள் எத்தனை முறை எழுதியேனும் கடைசியில் தேறியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. ஏ.பி.ஏ. கல்லூரிகளை மொத்தமாகப் பார்த்தால் அண்மை ஆண்டுகளில் முதல் எண் 80-ஐ ஒட்டியும், இரண்டாவது எண் 90-ஐ ஒட்டியும் நிற்கின்றன. முதலில் தோற்றவர்களில் பெரும் பகுதியினர் பிறகு தேறிவிடுகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். ஹார்வர்டில் படித்த மிஷெல் ஒபாமா இல்லினாய் பார் தேர்வில் முதல்முறை தோற்றதைத் தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். ஜான் எஃப். கென்னடி ஜூனியர் நியூயார்க் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார்.

இரண்டாவது எண்ணுக்கு ஒரு குறைந்தபட்ச வரம்பும் உண்டு. தேர்வெழுதிய பட்டதாரிகளில் குறைந்தது 75 சதவீதம் பேர் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும். தவறினால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. 316-ஆம் விதியின் இந்த வடிவம் 2019 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எளிதில் வந்துவிடவில்லை. ஏ.பி.ஏ.வின் பிரதிநிதிகள் அவை 2017-இலும் 2019 ஜனவரியிலும் இதை நிராகரித்தது. கறுப்பின மாணவர்களுக்கும் லத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர்களுக்கும் கதவு திறந்து வைத்திருக்கும் கல்லூரிகளை இந்த விதி முதலில் தாக்கும் என்பது எதிர்த்தவர்களின் கவலை. அந்தக் கவலை வெறும் பேச்சல்ல. ஏ.பி.ஏ. வெளியிட்ட 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் முதல்முறை எழுதிய வெள்ளையரில் 88 சதவீதம் பேர் தேறியபோது, கறுப்பினத்தவரில் தேறியவர்கள் 66 சதவீதம்தான். மறுபக்கத்தில் இருந்தவர்களின் வாதமும் வலுவானது: தேற வைக்க முடியாத கல்லூரி ஏழை மாணவரைச் சேர்த்துக்கொள்வது வாய்ப்புக் கொடுப்பதாகாது, கடனைக் கொடுப்பதாகத்தான் முடியும். கடைசியில் ஏ.பி.ஏ.வின் அங்கீகாரக் குழு தன் அதிகாரத்தைக் கொண்டு விதியை நிறைவேற்றியது.

எந்த மாநிலத்தில் எழுதினார்கள்?

கல்லூரிகளின் தேர்ச்சி விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் செய்யும் முதல் தவறு, எல்லோரும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள் என்று நினைப்பது. வினாத்தாள் ஒன்றாக இருந்தாலும் தேர்ச்சிக் கோடு ஒன்றல்ல. யு.பி.இ. தேர்வுக்கு மொத்தம் 400 மதிப்பெண். மிசூரியிலும் மின்னசோட்டாவிலும் 260 எடுத்தால் போதும். நியூயார்க்கில் 266 வேண்டும். டெக்சாஸ், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் 270. அதே வினாக்களுக்கு அதே விடைகளை எழுதி 264 எடுத்தவர் மிசூரியில் வக்கீல், நியூயார்க்கில் தோற்றவர்.

கலிஃபோர்னியா நெடுங்காலம் நாட்டிலேயே மிக உயரமான கோடுகளில் ஒன்றை வைத்திருந்தது. 2000-க்கு 1440. ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக இருந்தவரும், உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய அரசியல் சாசன அறிஞருமான கேத்லீன் சல்லிவன் 2005 ஜூலையில் கலிஃபோர்னியா தேர்வு எழுதித் தோற்றார். வேறு மாநிலங்களில் அவர் ஏற்கெனவே உரிமம் பெற்றவர். அடுத்த பிப்ரவரியில் தேறினார். தமிழ்நாட்டின் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹேஸ்டிங்ஸ் கல்லூரியில் 1989-இல் பட்டம் பெற்று எழுதிய முதல் தேர்வில் தோற்றார். மறுமுறை தேறி, பின்னாளில் அதே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாகவும் நாட்டின் துணை அதிபராகவும் ஆனார்.

2016 ஜூலையில் கலிஃபோர்னியாவில் எழுதியவர்களில் 43 சதவீதம் பேர்தான் தேறினார்கள். கல்லூரித் தலைவர்கள் கொதித்தார்கள். 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் கோட்டை 1390-க்கு இறக்கியது. பெருந்தொற்றால் அந்த ஆண்டு அக்டோபருக்குத் தள்ளிப்போன தேர்வில் 60.7 சதவீதம் பேர் தேறினார்கள். கலிஃபோர்னியக் கல்லூரிகள் திடீரென்று பாடம் நடத்தக் கற்றுக்கொண்டதால் வந்த உயர்வல்ல அது.

விஸ்கான்சின் இதற்கு நேர் எதிர்க் கோடி. அந்த மாநிலத்தில் உள்ள இரண்டே சட்டக் கல்லூரிகளான விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மார்க்கெட் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பட்டதாரிகள் உரிய பாடங்களை முடித்திருந்தால் தேர்வே எழுதாமல் மாநில உரிமம் பெறலாம். பட்டியலில் அந்தக் கல்லூரிகளின் எண் நூறைத் தொட்டு நிற்பதற்கு இதுவே காரணம். விஸ்கான்சினிலேயே தொழில் செய்யப்போகிறவருக்கு இது பெரிய வரம். பட்டம் வாங்கிக்கொண்டு பக்கத்துச் சிகாகோவுக்குப் போக நினைப்பவர் இல்லினாய் மாநிலத் தேர்வை எல்லோரையும் போல எழுதித்தான் ஆக வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரிலும், 2024 முதல் ஆரெகனிலும் தேர்வுக்குப் பதிலாகப் பயிற்சி, பணித் தொகுப்பு வழியே உரிமம் பெறும் தனிப் பாதைகள் இருக்கின்றன.

ஆகவே பார்க்க வேண்டியது கல்லூரியின் சதவீதத்துக்கும், அதன் மாணவர்கள் எழுதிய மாநிலத்தின் சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி. ஏ.பி.ஏ. அட்டவணையிலேயே அது தனிப் பத்தியாக இருக்கிறது. மாநிலத்தில் 60 பேர் தேறும்போது 75 பேரைத் தேற்றும் கல்லூரி, 85 பேர் தேறும் மாநிலத்தில் 83 பேரைத் தேற்றும் கல்லூரியைவிடத் தன் மாணவருக்கு அதிகம் செய்திருக்க வாய்ப்புண்டு.

யாரைச் சேர்த்தார்கள், யாரை அனுப்பினார்கள்?

அந்த இடைவெளியும் முழுக் கதையைச் சொல்லாது. மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிறவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளை நாம் அறிவோம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் எண்ணுக்கும் இந்த இரண்டு முனைகள் உண்டு.

நுழைவாயிலில் நடப்பதன் விளைவு என்ன என்பதை 2010-களின் வரலாறு காட்டியது. 2010-இல் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் முதலாண்டில் சேர்ந்தவர்கள் 52,488 பேர். பொருளாதார நெருக்கடிக்குப் பின் வக்கீல் வேலைகள் சுருங்கின. 2015-இல் சேர்க்கை 37,000 வாக்கில் இறங்கிவிட்டது. காலி இடங்களை நிரப்ப, பல கல்லூரிகள் முன்பு சேர்த்துக்கொள்ளாத மதிப்பெண்களுக்கும் கதவைத் திறந்தன. சரிவின் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் மூன்றாண்டு கழித்துத் தேர்வெழுதியபோதே விளைவு தெரிந்தது. 2014 ஜூலையில் கொள்குறித் தேர்வின் தேசிய சராசரி ஒரேயடியாக 2.8 புள்ளி சரிந்தது. தேர்வை நடத்தும் தேசிய அமைப்பின் தலைவர் எரிகா மோசர், இந்த முறை எழுதிய மாணவர்களின் திறன் முந்தைய ஆண்டைவிடக் குறைவு என்ற பொருளில் கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். தேர்வு நாளில் விடைகளைப் பதிவேற்றும் மென்பொருள் பழுதானதைச் சுட்டிக்காட்டியும், மாணவர்களைக் குறை சொல்வதைக் கண்டித்தும் கல்லூரித் தலைவர்கள் பலர் பதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டும் சராசரி சரிந்தபோது, உள்ளே வந்தவர்கள் யார் என்பதை ஒதுக்கிவிட்டு வெளியே போனவர்களின் தேர்ச்சியைப் பேச முடியாது என்பது தெளிவானது.

மறுமுனை இன்னும் கவலைக்குரியது. முதலாண்டு முடிவில் மதிப்பெண் குறைந்தவர்களை வெளியேற்றினால் தேர்ச்சி விகிதம் ஏறும். ஓராண்டுக் கடனோடு வெளியே நிற்கும் மாணவர் அந்த எண்ணில் எங்கும் இருக்கமாட்டார். வேறு கல்லூரிக்கு மாறியவர்களைக் கழித்த பிறகும் விலகியோர் 20 சதவீதத்தைத் தாண்டினால், கல்லூரி விதியை மீறுவதாக ஏ.பி.ஏ. முதற்கட்டமாகக் கருதும், காரணம் சொல்லும் பொறுப்பு கல்லூரியுடையது. நிபந்தனையோடு தரப்படும் உதவித்தொகையும் இதே கண்ணியில் வரும். குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே போனால் தொகை நின்றுவிடும். சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண்கள் ஒரு வளைவுக்குள் அடங்கும்படிப் போடப்படுவதால், எல்லோரும் நன்றாகப் படித்தாலும் சிலர் கீழே போய்த்தான் ஆக வேண்டும். எத்தனை பேர் அப்படித் தொகையை இழந்தார்கள் என்ற கணக்கும் 509 அறிக்கையில் இருக்கிறது.

பட்டம் வாங்கியவர்களையும் கணக்கிலிருந்து நகர்த்த முடியும் என்று இன்ஃபிலா கல்லூரிகள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. தோற்கக்கூடும் என்று தோன்றிய பட்டதாரிகளுக்குப் பணம் கொடுத்துத் தேர்வைத் தள்ளிப்போட வைத்தார்கள் என்பது புகார். அந்தக் குழுமத்தின் அரிசோனா சம்மிட் கல்லூரியில் 2016 ஜூலையில் முதல்முறை எழுதியவர்களில் தேறியவர்கள் நான்கில் ஒரு பங்கு அளவே. 2018-இல் ஏ.பி.ஏ. அதன் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. இன்னொரு கல்லூரியான சார்லட், 2016 நவம்பரில் ஏ.பி.ஏ.வின் கண்காணிப்பு நிலைக்கு வந்தது. அடுத்த மாதமே கல்வித்துறை கடன் வழங்கலை நிறுத்துவதாக அறிவித்தது. நடு ஆண்டில் கட்டணம் கட்டவும் வாடகை கொடுக்கவும் வழியில்லாமல் மாணவர்கள் தவித்தார்கள். 2017 ஆகஸ்டில் கல்லூரி மூடப்பட்டது. சேரும்போதே அந்தக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் சரிந்துகொண்டிருந்தது. பார்த்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

கல்லூரி என்ன செய்தது?

இத்தனையும் கழித்த பிறகு எஞ்சுவதுதான் கல்லூரியின் உழைப்பு. எஃப்.ஐ.யூ. அதில்தான் தனித்து நிற்கிறது. அங்கே மாணவர் கல்வித் துணைத் திட்டத்தை நடத்திய பேராசிரியர் லூயிஸ் ஷுல்ஸே, கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகளைச் சட்டப் படிப்புக்குள் கொண்டுவந்தவர். பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் மஞ்சள் மையில் கோடு போடுவதும் தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருமே தவிர, தேர்வறையில் நினைவுக்கு வராது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். சில நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுத வேண்டும். தனக்கு எது தெரியவில்லை என்பதைத் தானே கண்டுபிடிக்கப் பழக வேண்டும். இதை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும், கடைசிப் பருவத்தில் மருந்தாகப் புகட்டக் கூடாது என்பது அவருடைய அணுகுமுறை.

பெரும்பாலான கல்லூரிகளில் தேர்வுத் தயாரிப்பு என்பது பட்டம் வாங்கிய பின் வரும் பத்து வாரங்கள். பார்ப்ரி, தெமிஸ், கப்லான் போன்ற தனியார் பயிற்சி நிறுவனங்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து, நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கும் காலம் அது. சில பெரிய சட்ட நிறுவனங்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட பட்டதாரிக்கு அந்தச் செலவைக் கொடுத்துவிடும். வேலை உறுதியாகாதவருக்கு அந்த வசதி இல்லை. வாடகைக்காகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டோ, கைக்குழந்தையை வைத்துக்கொண்டோ படிப்பவருக்கு அந்தப் பத்து வாரம் பத்து வாரமாக இருப்பதில்லை. இந்தச் செலவைக் கல்லூரியே ஏற்கிறதா, தேர்வுக் காலத்துக்கு உதவித்தொகை தருகிறதா, முதல்முறை தோற்றவரைத் திரும்ப அழைத்துச் சொல்லிக்கொடுக்கிறதா என்பவை தேர்ச்சி விகிதத்தை உண்மையிலேயே அசைக்கும் விஷயங்கள்.

தரவரிசைப் பட்டியல்களும் இந்த எண்ணின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. 2022 நவம்பரில் யேல், ஹார்வர்டு சட்டக் கல்லூரிகள் யு.எஸ். நியூஸ் தரவரிசையில் இனிப் பங்கேற்க மாட்டோம் என்று அறிவித்தன. வேறு பலவும் தொடர்ந்தன. அதன்பின் அந்தப் பத்திரிகை கணக்கிடும் முறையை மாற்றி, முதல்முறைத் தேர்ச்சிக்கு 18 சதவீதமும் இரண்டாண்டுத் தேர்ச்சிக்கு 7 சதவீதமும் எடை கொடுத்தது. வேலைவாய்ப்புக்கு 33 சதவீதம். ஆனால் உச்சியில் உள்ள கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லோருமே தேறிவிடுவதால், அவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்க இந்த எண் உதவாது. அங்கே கட்டணமும் வேலையும்தான் கேள்வி. இந்த எண்ணுக்கு உயிர் இருப்பது நடுவிலும் அடியிலும் உள்ள கல்லூரிகளுக்கு இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய மாணவருக்குத்தான். அவர் வேலைவாய்ப்பு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பட்டம் பெற்ற பத்தாவது மாதத்தில், பார் உரிமம் கட்டாயமான முழுநேர நிலையான வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வரி அதில் இருக்கும்.

இந்தியப் பட்டதாரிகள் கவனிக்க

இந்தியாவில் சட்டம் படித்துவிட்டு அமெரிக்காவில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கப் போகிறவர்கள் உண்டு. நியூயார்க் மாநிலம் நம்முடையதைப் போன்ற ஆங்கிலேயச் சட்ட மரபு நாடுகளின் பட்டத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு, தகுதியில் குறை இருந்தால் அதை எல்.எல்.எம். மூலம் ஈடுகட்ட அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா, வேறு நாட்டில் ஏற்கெனவே உரிமம் பெற்ற வழக்கறிஞரை நேரடியாகத் தேர்வெழுத விடுகிறது. இவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கல்லூரிகள் வெளியிடும் ஏ.பி.ஏ. தேர்ச்சி விகிதம் ஜே.டி. பட்டதாரிகளுடையது. எல்.எல்.எம். மாணவர்கள் அதில் இல்லை. நியூயார்க் தேர்வில் வெளிநாட்டில் படித்தவர்களின் தேர்ச்சி, அமெரிக்கக் கல்லூரிப் பட்டதாரிகளின் தேர்ச்சியைவிட எப்போதும் வெகுவாகக் குறைவு. 90 சதவீதத் தேர்ச்சி என்று கல்லூரி சொல்வதைப் பார்த்து எல்.எல்.எம்.மில் சேர்கிறவர், தன்னைப் போல வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று தனியாக எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

தேர்வே மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெக்ஸ்ட்ஜென் என்ற புதிய வடிவத்தை 2026 ஜூலை முதல் மேரிலாண்ட், மிசூரி, ஆரெகன், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் தொடங்குவது என்றும், நியூயார்க் 2028 ஜூலையில் அதற்கு மாறுவது என்றும் முடிவாகியுள்ளது. ஒன்றரை நாளில் ஒன்பது மணி நேரம்; மனப்பாடத்தின் பங்கைக் குறைத்து, கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்வது, பேச்சுவார்த்தை, சட்ட ஆய்வு போன்ற தொழில் திறன்களுக்குக் கூடுதல் இடம். இப்போது கல்லூரியில் சேர்கிறவர்களில் பலர், முன்னோர் எழுதிய தேர்வை எழுதப் போவதில்லை. பழைய தேர்வில் எடுத்த விகிதத்தோடு, புதிய தேர்வுக்காகப் பாடத்திட்டத்தில் என்ன மாற்றினீர்கள் என்ற கேள்வியும் இனிச் சேர வேண்டும்.

சேர்க்கை உறுதியான மாணவர்களைப் பல அமெரிக்கக் கல்லூரிகள் வசந்த காலத்தில் ஒரு நாள் வளாகத்துக்கு அழைக்கின்றன. பேராசிரியர்களையும் அலுவலர்களையும் நேரில் கேட்கக் கிடைக்கும் வாய்ப்பு அது. அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வி மற்றவற்றைவிடப் பயனுள்ளது: வகுப்பின் கடைசிக் கால் பங்கில் இருந்தவர்களில் முதல்முறையே தேறியவர்கள் எத்தனை பேர்? நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைவிடச் சட்டக் கல்லூரியில் எடுக்கும் மதிப்பெண்தான் பார் தேர்வு முடிவைத் துல்லியமாக முன்னறிவிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்வரிசை மாணவர்கள் எங்கே படித்தாலும் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். கடைசி வரிசையில்தான் ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இந்த எண் எந்தப் பொது அட்டவணையிலும் இல்லை. கல்லூரிக்குள் இருக்கும் கணக்கு. தங்கள் பலவீனமான மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் கல்லூரியிடம் அந்தப் பதில் தயாராக இருக்கும். சேர்க்கை அலுவலர் அந்த எண்ணைச் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். பேச்சை நூலகக் கட்டடத்தின் பக்கம் திருப்பினால், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரையாவது தேடிப் பேசிவிட வேண்டும்.